மண் இளகும்வரை

பூனை கண்ணை மூடிக்கொண்டால்
பூலோகம் இருண்டுவிடாது என்பார்கள்.
வார்டோ தீவில் அது
இரண்டு மாதமாக இருண்டுதான் கிடந்தது.
சூரியன் திரும்ப ஆறு நாள் இருக்கையில்
லொத்தே கண்ணை மூடினாள்,
துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல்,
அது சுழன்று ஓய்ந்து
இன்னும் சூடு ஆறாத நேரத்தில்.

லொத்தே என்றால் இந்தக் கரையில்
ஒரு பொடி வெள்ளி மீன்.
வந்த நாளில் அவ்வளவுதான் இருந்தாள்.

எய்லிஃப் கடப்பாரையோடு வெளியே போனான்.
கொட்டகைக்குப் பின்னால் நான்கு இடத்தில் குத்தினான்.
நான்கிலும் மண்
இரும்புக்கு இரும்பாய்ப் பதில் சொன்னது.
உள்ளே வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல்,
"மே மாதம்தான்" என்றான்.

ஆகவே உறைபெட்டி.
என் ரப்பர் காலணி வந்த அட்டைப்பெட்டியில்
சுன்னிவாவின் பழைய கம்பளிச் சட்டை விரித்து,
வால் மூக்கைத் தொட
அவளே சுருண்டிருந்த அதே சுருளில்,
காட் மீன்களுக்கும்
ஆகஸ்டில் சதுப்பில் பறித்த மஞ்சள் பழங்களுக்கும் நடுவே.
பதினான்கு வருஷம் அந்த மூடிமேல் உட்கார்ந்து
எப்போது திறப்பார்கள் என்று காத்தவள்.
யூஸ்தைன்தான் அதைச் சொன்னான்.
சிரித்துவிட்டோம்.
யார் முதலில் நிறுத்தினோம் என்று தெரியவில்லை.

சூரியன் வந்த நாளில்
கோட்டையில் பீரங்கி வெடித்தார்கள்.
பள்ளிக்கு விடுமுறை.
பிள்ளைகள் கூச்சலோடு சரிவில் ஓட
சுன்னிவா மட்டும் வீட்டுக்குள் ஓடி வந்து
தரையில் குப்புறப் படுத்து
குளியல் தொட்டிக்கு அடியில் கையை விட்டாள்.
வருஷா வருஷம் அந்தச் சத்தத்துக்கு
லொத்தே போய் ஒளியும் இடம்.
கை வெறுமனே வெளியே வந்தது,
விரல் நுனியில் கொஞ்சம் சாம்பல் முடி.
கழுவ மாட்டேன் என்று
அன்று முழுக்க இடது கையால் கரண்டி பிடித்தாள்.

எனக்கு என்ன நினைவு என்று கேட்டால்
பெரிதாக ஒன்றுமில்லை.
ரேடியோவில் கடல் வானிலை வாசிக்கையில்
ஒரு காதை மட்டும் அதன் பக்கம் திருப்புவாள்.
எய்லிஃப் படகில் இருந்த இரவுகளில்
நான் எத்தனை முறை எழுந்தேனோ
அத்தனை முறையும் எழுந்தாள்.
இதை அவனிடம் நான் சொன்னதில்லை.
தனக்குப் பூனையே பிடிக்காது என்றுதான்
துறைமுகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

மார்ச்சில் புயல்.
மின்சாரம் போய் பதினோரு மணி நேரம் வரவில்லை.
உள்ளே நூறு கிலோ மீன்.
அதைப் பற்றி அவன் பேசவே இல்லை.
அந்த ஒரு பெட்டியை மட்டும் தூக்கிப் போய்
கொட்டகை ஓரம் பனியில் குழி பறித்து வைத்தான்.
நரி வருமே என்றேன்.
"தெரியும்."
விடியற்காலை மூன்று மணிக்கு
ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன்.
கவிழ்த்த மீன்கூடைமேல் உட்கார்ந்திருந்தான்,
மடியில் டார்ச்,
வாய் அசைந்துகொண்டே இருந்தது.
அந்தக் காற்றில் எதுவும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை, இன்றுவரை.

மே இருபத்தாறு. மண் இளகிற்று.
இரவு பதினொரு மணி, வெயில் முகத்தில் அடித்தது.
யூஸ்தைன் தோண்டினான்.
எய்லிஃப் எட்டிப் பார்த்து
போதாது என்றான், இன்னும் என்றான், போதாது என்றான்.
இடுப்பளவு ஆன பிறகும்
போதும் என்று சொல்ல
எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை.
ஜெபம் எதுவும் சொல்லவில்லை.
சுன்னிவா உள்ளே போய்
ஒரு காட் மீனை எடுத்து வந்தாள்,
இருப்பதிலேயே பெரியது, தலையோடு,
கல்லாய் உறைந்தது.
பெட்டி பக்கத்தில் வைத்தாள்.
தின்ன முடியுமா என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது உறைபெட்டிக்குள்
காலணிப் பெட்டி அளவுக்கு ஓர் இடம்.
பட்டாணி வாங்கினால் வேறெங்காவது திணிக்கிறோம்.
நேற்று எய்லிஃப் காபிக் கோப்பையோடு வந்தான்.
மூடியின் நடுவில் வைக்கப் போனவன்
கையை ஓரத்துக்கு நகர்த்தினான்,
அங்கே தூங்குபவளை
எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.